நாற்பத்தேழாம் வீட்டில் ஒரு தலை குறைகிறது

எங்கள் தெருவில் என் அத்தையைப் புள்ளி அக்கா என்றால்தான் தெரியும். புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பெயரில்தான் புள்ளி, ஆள் ஓர் இடத்தில் நிற்கிற ரகமில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். செருப்பைக் கழற்றாமல் வீடு முழுக்க நடந்துவிட்டு, தரை அழுக்கு என்று என்னைத் திட்டுவாள்.

பன்னிரண்டு வருடமாக அவள் அங்கே தற்காலிகம். அந்த அலுவலகத்தில் மின்விசிறிக்குக்கூட ஒரு நிரந்தர எண் எழுதியிருக்கிறது, அத்தைக்குக் கிடையாது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பிறந்த தெரு நாய்க்குட்டி பெரிதாகி, கிழமாகி, செத்தும் போய்விட்டது என்று ஒருமுறை சொன்னேன். ஸ்கேலால் ஒன்று விழுந்தது.

இந்த வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. ஐந்து தற்காலிகங்களில் இரண்டு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், யாருடைய கணக்கெடுப்புப் புத்தகம் முதல் சரிபார்ப்பிலேயே தேறுகிறதோ அவர்கள் பெயர்தான் பட்டியலில் போகும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. இதைக் கேட்ட நாளிலிருந்து அத்தை தூங்குவதையும் தற்காலிகமாக ஆக்கிக்கொண்டாள்.

அவளுக்கு இந்த எண்ணுகிற வேலை மேல் ஒரு பைத்தியம் உண்டு. அலுவலகத்தின் பின்னறையில் பழைய கணக்கெடுப்புகள் தடித்தடியாக அடுக்கியிருக்கின்றன, பத்து வருடத்துக்கு ஓர் அலமாரி. மற்றவர்கள் மதிய இடைவேளையில் வாரப் பத்திரிகை படிக்க, இவள் அதை எடுத்துப் படிப்பாள். முதல் கணக்கெடுப்பில், வரி போடத்தான் எண்ணுகிறார்கள் என்று ஜனங்கள் வீட்டில் பாதிப் பேரை மறைத்தார்களாம். அடுத்ததில், பட்டாளத்துக்கு இழுத்துப்போகத்தான் என்று வயசுப் பையன்களைப் பரணில் ஏற்றிவிட்டார்களாம். ஊரில் இருபது வயது ஆண் ஒருவன்கூட இல்லை என்கிறது அந்த வருட அட்டவணை. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் முப்பது வயதுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் முளைத்திருக்கிறார்கள். பிறகு, எண்ணிக்கை கொடுத்தால் ஏதோ தருவார்கள் என்று பேச்சுக் கிளம்ப, செத்தவர்களும் எழுந்து வந்து பெயர் கொடுத்தார்கள்.

“நாம போனாலே ஒண்ணு பயம், இல்ல ஆசை. சும்மா உக்காந்து பதில் சொன்னவன் எவனும் இல்லடா” என்பாள்.

அவளுக்குக் கொடுத்தது ஐந்து தெரு, நூற்று இருபத்தாறு வீடு. இரண்டு மாதம் முன்பே வீட்டுப் பட்டியல் எடுத்து, ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டுவிட்டாள். எங்கள் கதவில் போட்ட எண்ணுக்கு நான் மீசை வரைந்தது தனிக் கதை. உண்மையான கணக்கெடுப்பு வேறு மாதிரி. மாதத்தின் கடைசி இரவு யார் எங்கே படுத்தாரோ, அவர் அந்த வீட்டுக் கணக்கு. ஒருவரும் விடுபடக் கூடாது, இரண்டு இடத்தில் விழவும் கூடாது; நாடு முழுக்க அந்த ஓர் இரவுதான் கணக்கு. முதல் தேதியிலிருந்து வீடு வீடாகப் போய், அன்றிரவு இங்கே படுத்தது யார் யார் என்று கேட்க வேண்டும். வீடில்லாதவர்களை மட்டும் அந்த இரவே எண்ணிவிட வேண்டும், விடிந்தால் கலைந்துவிடுவார்கள். அத்தையும் அவளுடைய மேற்பார்வையாளரும் டார்ச்சோடு காய்கறிச் சந்தைக் கொட்டகைக்குப் போனார்கள். ஒன்பது பேரை எழுதி, அங்கேயே இருவரும் கையெழுத்துப் போட்டுப் பக்கத்தை மூடிவிட்டு வந்தார்கள்.

அந்த மேற்பார்வையாளரை அலுவலகத்தில் பென்சில் சார் என்பார்கள். எதையும் பேனாவில் எழுத மாட்டார், பின்னால் அழிக்க வசதி வேண்டுமாம். அந்த ஒரு பக்கத்தில்தான் சட்டத்துக்குப் பயந்து பேனா பிடித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வினை ஆரம்பித்தது. வீட்டுப் பட்டியலையும் புதுப் புத்தகத்தையும் ஒப்பிட்டால் பதினெட்டு வீட்டில் தலை கூடியோ குறைந்தோ நின்றது. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். பதினேழு வீட்டுக்கு எழுதிவிட்டாள்: பிரசவம், கல்யாணம், ஆஸ்பத்திரி, ஊருக்குப் போன மாமியார், கோபித்துக்கொண்டு போன மருமகன். நாற்பத்தேழாம் வீடு மட்டும் இடித்தது. அது ஒரு தையல்காரர் வீடு. பட்டியலில் ஐந்து பேர், புத்தகத்தில் நான்கு. காரணம் என்கிற கட்டம் காலி.

அத்தை அறைக்கும் சமையலறைக்கும் நடந்தாள். பென்சிலைக் கடித்தாள். காலியான டம்ளரை இரண்டு தடவை குடித்தாள்.

“வேணும்னா என்னை இன்னொரு தடவை எழுதிக்கோ அத்தை” என்றேன்.

“உன்னை ஒரு தடவை எழுதினதே தண்டம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இருட்டுவதற்குள் போய் வந்துவிட வேண்டுமாம்.

குறைந்த தலை தையல்காரரின் அப்பா. லிஃப்ட்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஏதோ ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பது வருடம் லிஃப்ட் ஓட்டியவர். மற்றவர்களை மேலும் கீழும் கொண்டுபோன மனிதரை இப்போது பிள்ளைகள் இருவரும் அங்கும் இங்கும் கொண்டுபோகிறார்கள். ஒரு மாதம் பெரியவரான தையல்காரர் வீடு, ஒரு மாதம் சின்னவரான மின்வேலைக்காரர் வீடு. இரண்டு வீடும் அத்தையின் ஐந்து தெருவுக்குள்தான்.

தையல்காரர் மனைவி, போன மாதக் கடைசித் தேதி மத்தியானச் சாப்பாட்டோடு தங்கள் முறை முடிந்துவிட்டது, மாமனாரைப் பையோடு அனுப்பிவிட்டோம், ராத்திரி சின்னவர் வீட்டில்தான் படுத்திருப்பார் என்றாள். அத்தை அடுத்த தெருவுக்கு ஓடினாள். சின்னவர் மனைவியோ, முதல் தேதி மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எங்கள் முறை ஆரம்பம், அப்போதுதான் வந்தார், ராத்திரி பெரியவர் வீட்டில்தான் படுத்திருப்பார் என்றாள். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. முறை வகுத்தபோது மத்தியானச் சாப்பாட்டை மட்டும் எண்ணிப் பிரித்திருக்கிறார்கள், படுக்கையை யாரும் யோசிக்கவில்லை. ஆக, மாதத்துக்கு ஓர் இரவு அந்த மனிதர் யார் பங்கிலும் விழவில்லை. முதல் தடவை அத்தை இந்த இரண்டு வீட்டுக்கும் மூன்று நாள் இடைவெளியில் போயிருந்தாள். இரண்டு பதிலையும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் தவறு அதுதான்.

லிஃப்ட்காரர் சின்னவர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அத்தை இறங்கும்போது பயமுறுத்தலாம் என்று பின்னாலேயே வந்த நான் படிக்கு அடியில் பதுங்கியிருந்தேன். அதனால்தான் அவர்கள் பேசியது எனக்குத் தெரியும். கணக்கெடுப்பில் கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தது அத்தை, நானில்லை.

அந்த ராத்திரி எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். சிநேகிதர் வீட்டில் என்றார். எந்தத் தெரு, எத்தனையாம் நம்பர் என்று அத்தை புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாள்.

“தேடாதம்மா. எழுதியாச்சு” என்றார்.

“எங்கய்யா எழுதியாச்சு?”

“சந்தைக் கொட்டகையில. நீதான் டார்ச் அடிச்ச. நான் போர்வையை இழுத்துக்கிட்டேன்.”

அத்தை பக்கத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டது. எட்டாவது வரி: ஆண், எழுபத்தொன்று, பெயர் சொல்லவில்லை.

“வயசு கேட்டேன், சொன்னீங்க” என்றாள் மெதுவாக.

“பொய் சொல்லத் தோணல. அங்க நல்லா காத்து வரும்மா. காவக்காரன் வேற தெரிஞ்சவன்.” பிறகு, “அதை அடிச்சுட்டு இந்த வீட்டுல எழுதிடு. ரெண்டு பசங்க இருக்கானுங்க எனக்கு” என்றார்.

இந்தப் புத்தகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், எண்ணிக்கை மட்டும்தான் வெளியே போகும், பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது என்று அத்தை அடுக்கினாள்.

“நீ பாத்துட்டியேம்மா” என்றார் அவர்.

‘பே’ என்று கத்த வைத்திருந்த வாயை நான் அப்படியே மூடிக்கொண்டேன். அத்தை இறங்கிப்போன பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்று ராத்திரி அத்தை படுக்கவே இல்லை என்று சொல்லத் தேவையில்லை. அந்த வரியை அடித்துவிட்டுச் சின்னவர் வீட்டில் ஒரு தலையைக் கூட்டினால் எல்லோருக்கும் நிம்மதி. லிஃப்ட்காரருக்கு மானம், பென்சில் சாருக்குச் சுத்தமான புத்தகம், அவளுக்கு வேலை. அவளுடைய பை வாரை நான் தைத்துவைத்தேன். அறுந்ததே நான் விளையாட்டாக இழுத்ததில்தான். அது அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை தையற்கடைக்குப் போனாள். சின்னவரையும் வரச் சொல்லியிருந்தாள். கடை தெருவைப் பார்த்து இருப்பதால் எதிர்ப்பக்கம் நின்றே நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் எதையும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. படிவத்தில் இருந்த கேள்வியை மட்டும் எழுத்து மாறாமல் கேட்டாள்.

“கடைசித் தேதி ராத்திரி உங்க அப்பா உங்க வீட்ல படுத்தாரா?”

“இல்லக்கா, தம்பி வீட்ல” என்றார் தையல்காரர், மிஷினை மிதித்துக்கொண்டே.

“உங்க வீட்ல?”

“இல்லயே, அண்ணன் வீட்லதான்” என்றார் சின்னவர்.

மிஷின் நின்றது. அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி தொங்கவிட்டிருந்த சட்டைகளைப் பார்த்தார். அத்தை இரண்டு பதிலையும் எழுதிக்கொண்டாள், நன்றி சொன்னாள், புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தெருமுனை திரும்பியதும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அத்தை ஓர் இடத்தில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை நாலே முக்காலுக்குப் புத்தகம் பென்சில் சார் மேஜையில் இருந்தது. நடந்ததை அவளே வந்து சொன்னாள். காரணம் என்கிற கட்டத்தில், ‘வீடில்லாதோர் பக்கம், வரி எட்டு பார்க்க’ என்று பேனாவில் எழுதியிருக்கிறாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாராம். ஆளுக்கொரு வீட்டோடு இரண்டு பிள்ளைகள் இருக்கிற ஆள் எப்படி வீடில்லாதவர் ஆவார், மேலே கேட்டால் நான் என்ன சொல்ல, வரியை அடித்துவிட்டு ஒரு வீட்டில் போடு, நான் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடுகிறேன், உன் பெயரை இப்போதே பட்டியலில் எழுதுகிறேன் என்றாராம். பென்சிலையும் நீட்டினாராம்.

“நீ என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“அந்த ராத்திரி அவர் எங்கயாவது படுத்திருக்கணுமே சார்னு சொன்னேன்.”

அவர் பென்சிலைப் பையில் சொருகிக்கொண்டு, புத்தகத்தை இடது பக்க அடுக்கில் வைத்தாராம். வலது பக்கம் தேறியவை. இடது பக்கம் மறு சரிபார்ப்புக்கு, அது முடிய இரண்டு மாதமாகும். பட்டியலோ அன்றைக்கே போய்விட்டது.

இதைச் சொல்லும்போது அத்தை பெருமையாக ஒன்றும் இல்லை. தட்டை நங்கென்று வைத்தாள். பென்சில் சாரையும், சாப்பாட்டு வேளையை வைத்து மாதத்தைப் பிரித்த இரண்டு மருமகள்களையும், போர்வையை இழுத்துக்கொண்ட லிஃப்ட்காரரையும், கடைசியாகக் காரணமே இல்லாமல் என்னையும் வசைபாடினாள். ஒரு கோட்டைக் கிழிக்கக் கை வரலையே, இன்னும் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டு என்று தன்னையும் விடவில்லை. நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

விளக்குப் போடுகிற நேரத்துக்குத் தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றார். நேற்று அந்தக் கேள்வியை எதற்குக் கேட்டீர்கள் அக்கா என்றார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் என்றாள் அத்தை.

“அப்பா எதாவது சொன்னாரா?”

“எங்கிட்ட யார் சொன்னதையும் நான் வெளிய சொல்லக் கூடாதுங்க.”

“நான் அவர் பையன்க்கா.”

“பையனா இருந்தாலும்.”

அவர் நாடாவின் நுனியைச் சுருட்டினார், விட்டார், மறுபடி சுருட்டினார். போகவும் இல்லை. அத்தை உள்ளே வந்தாள், தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாள், வைத்தாள், மறுபடி வாசலுக்குப் போனாள். சட்டம் எங்கே முடிகிறது என்று அவள் கால்விரலால் தடவிப் பார்ப்பதுபோல எனக்குப் பட்டது.

“உங்க வீட்ல சாப்பாட்டை எண்ணுறீங்க. ஒரு தடவை ராத்திரியை எண்ணிப் பாருங்க” என்றாள்.

தையல்காரர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கடைசித் தேதி மத்தியானம், சாயங்காலம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தவர் அடுத்த விரலை மடக்காமல் நிறுத்திவிட்டார். செருப்புகூடச் சரியாக மாட்டாமல், அப்பா இருக்கிற சின்னவர் வீட்டுத் தெருப் பக்கம் வேகமாக நடந்தார்.