காலில் தண்ணீர் படாமல் படகேறும் வித்தை

மூன்று உலகத்திலும் இல்லாத அறிவு ஒன்று இன்று ஆஸ்பத்திரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

என் மச்சான் வேலுவுக்குத் திருக்கை மீன் முள் குத்திச் சீழ் பிடித்து, பாதம் பூசணிக்காயாகிவிட்டது. கடலோர உப்பு ஏரி நடுவிலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து படகில் கூட்டிப்போனேன்.

கட்டுப் போட்ட டாக்டர் சொன்னார்: "தினமும் வந்து கட்டு மாத்தணும். தண்ணியே படக்கூடாது. பட்டா காலையே எடுக்க வேண்டிவரும்."

"படகேறணும்னா முட்டித் தண்ணில இறங்கணுமே சார். ரெண்டு கரையிலயும் படகுத்துறை இல்ல" என்றான் வேலு.

"அதெல்லாம் நீங்கதான் பார்த்துக்கணும். உங்க ஆளுங்களுக்குச் சுத்தம்னாலே என்னன்னு தெரியாது."

அந்தப் பேச்சுக்குச் சீழ் நாற்றம் எவ்வளவோ தேவலை.

திரும்பிப் படகேறக் கரைக்கு வந்ததும் வேலு சொன்னான்: "நாளைக்கு வரல மச்சான். வூட்லயே மஞ்சள் வச்சிக்கிறேன்."

"கம்முனு ஏறுடா" என்று முதுகைக் காட்டினேன். மகாபலிபுரத்து உருண்டைப் பாறையை இமயமலைக்குச் சுமந்துபோவது இதைவிட லேசு. ஆனால் காலுக்குப் போட்ட கட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

வைத்தியம் இலவசம்தான். முதுகை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். என்னுடையது இன்றோடு காலி. நாளைக் காலை யார் முதுகு சும்மா இருக்கிறது? கீழே கமெண்டில் சொல்லுங்கள்.