தோள் சிறுத்த காளை

இரெனேயா பெந்தங்கூர் பொலிகாளை பார்க்கப் போனால் அவள் கண்ணுக்குக் காளை தெரியாது. அடுத்த வசந்தத்தில் பிறக்கப்போகும் கன்றுதான் தெரியும். அது எப்படி வரும், தோள் எங்கே சிக்கும் என்று விழித்தபடியே கனவு காண்பாள். தக்குவாரெம்போ புல்வெளியில் இதைச் சொல்லி அவளைக் கேலி செய்யாதவர் இல்லை. செய்யட்டும், அவர்களுக்கு வேறென்ன வேலை!

போன முறை தம்பி வில்மாரின் பேச்சைக் கேட்டு, சந்தையே வாய்பிளந்த பெரிய காளையை வாங்கினாள். கன்றுகள் அகலத் தோளோடு வந்தன. கன்றைக் கயிறு கட்டி வெளியே இழுத்தும், தலையீத்துக் கிடேரி பலோமா பிழைக்கவில்லை. இப்போது பலோமாவின் தங்கை மோரா பருவத்துக்கு வந்துவிட்டது. அதுவும் போனால் இனி மாடே வேண்டாம் என்று இரெனேயா முடிவு கட்டியிருந்தாள்.

காளை விற்கும் பெரியவர் டான் அன்செல்மோவின் வேலியோரம் அவரும் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். மாத்தே இலைப் பானம் ஊற்றிய சுரைக்குடுக்கை கைமாறிக்கொண்டே இருந்தது. குடுக்கையைத் திருப்பித் தரும்போது ‘நன்றி’ என்று சொன்னால், இனி வேண்டாம் என்று பொருள். அதைச் சொல்லும்வரை பேரம் பேசுவதும் மரியாதை இல்லை. இரெனேயா சொல்வதாக இல்லை.

“அந்தச் செவலையைப் பாருக்கா! வீடு மாதிரி நிக்குது.”

“அப்போ நீ அதுலயே குடியிருடா.”

மாத்தே சாரமெல்லாம் போய் வெறும் வெந்நீராயிற்று. புல் காற்றில் சாய்ந்து எழுந்தது. மாலை வெயிலில் இளங்காளைகள் அசைவதே தெரியாமல் நகர்ந்தன. தோள் சிறுத்த ஒன்று அருகே வந்து, அவள் காலணியை முகர்ந்து, அங்கேயே படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அவளுக்கும் அதற்கும் ஒரே தூக்கம்.

“இதோட அம்மா எங்கே?” என்றாள் திடீரென்று.

அன்செல்மோ சிரித்தார். “என்னம்மா, சம்பந்தம் பேச வந்த மாதிரி கேக்குறே!”

“தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க? காட்டுங்க.”

கிழப்பசு ஒன்றைக் காட்டினார். “இவ ஈனி நான் பாத்ததே இல்லை. காலையில போனா கன்னு நின்னுக்கிட்டிருக்கும்.”

இரெனேயா குடுக்கையை நீட்டினாள். “நன்றி.”

வில்மார் தலையில் அடித்துக்கொண்டான். “இந்த நோஞ்சானையா? ஊரே சிரிக்கும்க்கா!”

“ஊரா வந்து கயிறு இழுக்குது?”

மறு வசந்தத்தில் ஒரு விடியற்காலை, மோராவைத் தொழுவத்தில் காணவில்லை. இரெனேயா கயிற்றை எடுத்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள் ஓடினாள். பலோமா கிடந்த அதே பள்ளம்தான். கிட்டே போனால், மோரா நின்றபடி எதையோ நக்கிக்கொண்டிருந்தது. ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சின்னக் கன்று மடி தேடித் தடுமாறியது.

அவள் புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வில்மார் பதறி ஓடிவந்தான்.

“என்னாச்சுக்கா? மோரா...?” என்றவன் கன்றைப் பார்த்தான். பிறகு மெல்ல, “அப்போ கயிறு?” என்றான்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கயிற்றை அவன் மேல் எறிந்தாள். “கொண்டுபோய்த் துணி காயக் கட்டுடா.”