பிள்ளையார்பட்டியில் சட்டையைக் கழற்றிய நாள்

போன பதிவின் கீழே இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: பையோடு பஸ்ஸில் வெளியூர் போக முடியுமா? முடியும். நான் போயிருக்கிறேன். 1996 மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி, திரும்பும் வழியில் பிள்ளையார்பட்டி. அந்தக் காலத்தில் நான் சட்டைப்பை டயரியில் நேரமெல்லாம் குறித்து வைப்பேன் என்பதால் விவரங்கள் சரியாகவே இருக்கும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: மலக்குடலில் புற்றுநோய் வந்து அதை வெட்டி எடுத்தால், வயிற்றின் இடப்பக்கம் ஒரு திறப்பு வைப்பார்கள். கழிவு அந்த வழியாகத்தான் வரும். அதை வாங்கிக்கொள்ள வயிற்றில் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும், ஆயுள் முழுக்க. எனக்கு அது 1993இல் நடந்தது, நாற்பத்திரண்டு வயதில். என் பெயர் ஆரோக்கியசாமி. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். 'உங்களுக்கு இது மறுபிறவி' என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அதே பிறவிதான், அதே அலுவலகம், அதே மேசை, கூடுதலாக ஒரு பை.

பயணத்துக்குக் காரணம் என்னோடு வேலை பார்த்த ராமநாதன். நாச்சியாபுரத்துக்காரர். அவருடைய அக்கா கணவர் கருப்பையா அம்பலம் சிங்கம்புணரிப் பக்கத்துக் கிராமத்தில் தோப்பும் வயலுமாக விவசாயம் பார்க்கும் பெரிய சம்சாரி. அவருக்கும் என் வியாதியேதான். இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் மாட்டேன் என்கிறார். "நீக ஒண்ணும் பேச வேணாம் சார். சும்மா வந்து அவுக முன்னாடி உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க. அது போதும்" என்றார் ராமநாதன். காட்சிப்பொருளாகப் போகச் சொல்கிறார் என்று புரிந்தது. சரி என்றேன்.

காலை 6.10க்கு காரைக்குடி பஸ் நிலையத்தில் ஏறினேன். திருப்பத்தூர் 22 கிலோமீட்டர், 3 ரூபாய் 75 காசு. பின்பக்கச் சீட்டுகள் காலியாக இருந்தும் நான் முன்னால் கம்பியைப் பிடித்து நின்றேன்.

"அங்குட்டு அம்புட்டு எடம் கெடக்கு, இங்குட்டு வந்து ஏன்யா நிக்கிறீக?" என்றார் கண்டக்டர்.

"பின்னால தூக்கிப் போடும்ணே."

"ராசா வீட்டுப் புள்ளதான்" என்று முணுமுணுத்துவிட்டு, குன்றக்குடியில் முன்சீட்டு காலியானதும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இதை எழுதக் காரணம் உண்டு. சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டில் உட்காராதீர்கள். ஒட்டியது பிரிந்துவிட்டால் நடுவழியில் ஒன்றும் செய்ய முடியாது.

திருப்பத்தூரில் கட்டணக் கழிப்பறையில் பையைச் சரிபார்த்துக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தேன். சிங்கம்புணரி சேர்ந்தபோது மணி 8.05. தேங்காய் மட்டையும் கயிறுமாகக் கிடக்கும் ஊர். ராமநாதன் மொபெட்டோடு நின்றிருந்தார். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர்.

அம்பலம் தென்னந்தோப்பில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அறுபது இருக்கும். நல்ல உயரம், ஆனால் உடம்பு வற்றியிருந்தது. "வாங்க சார். உங்களக் கூட்டியாந்து என்னைய மசிய வைக்கப் பாக்குறாக. அது நடக்காது, ஆனா இளநி குடிங்க" என்றார். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

என்ன தடை என்று நேராகவே கேட்டேன். ஆபரேஷனுக்கு அவர் பயப்படவில்லை. பங்குனியில் ஊர்க்கோயில் திருவிழா. முதல் மரியாதை அவர் குடும்பத்துக்கு. வெறும் உடம்போடு ஊர்ச்சனம் முழுக்கப் பார்க்க நிற்க வேண்டும், தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அவர் விட்டால் அது பங்காளிக்குப் போகும். பங்காளியோடு பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.

"வகுத்துல பீப்பையக் கட்டிக்கிட்டு அந்த எடத்துல நிக்கச் சொல்றீகளா? அவன் சிரிக்க மாட்டான்? அதுக்கு நான் போய்ச் சேந்துரலாம். பங்குனி முடியட்டும், பாத்துக்குவோம்."

பங்குனி முடியும்வரை வியாதி காத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், கோயிலுக்குச் சட்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால் இஸ்திரி போட்டு. வேட்டியைத் தொப்புளுக்கு மேலே தூக்கிக் கட்டி, அதன் மேல் துண்டைச் சுற்றினால் பை தெரியாது, பார்க்கிறவர்கள் தொப்பை என்றுதான் நினைப்பார்கள் என்றேன்.

"நீக அப்புடி நின்னுருக்கீகளா?"

"இல்லை."

"அப்பறம் எனக்கு மட்டும் சொல்றீக!"

நியாயமான கேள்வி. மூன்று வருஷமாக நான் யார் முன்னாலும் சட்டையைக் கழற்றியதில்லை. சொந்த வீட்டில், கத்திரி வெயிலில்கூட. குளியலறைக்குள் போகும்போதும் சட்டை, வரும்போதும் சட்டை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாயங்காலம் பிள்ளையார்பட்டி வழியாத்தான் போறேன். நீங்களும் வாங்க. நான் சட்டையக் கழட்டி வரிசைல நிக்கிறேன், நீங்க பின்னால நின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அங்கே யாரும் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. வீம்புதான்.

"நீக வேதக்காரரு. உள்ள வருவீகளா?" என்றார்.

"எங்க சர்ச் சாமியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

மதியம் 12.15க்குச் சாப்பாடு. அம்பலத்தின் மனைவி பொன்னழகு மொச்சைக் குழம்பு வைத்திருந்தார். பையோடு இருப்பவர்கள் வெளியூரில் தொடக்கூடாத பண்டம் எதுவென்று கேட்டால் முதலில் மொச்சையைத்தான் சொல்வேன். வாயு என்றால் அப்படி ஒரு வாயு. ஆனால் நான் இலையில் ஒதுக்கினால் என்ன ஆகும்? பை வைத்தவன் வாய்க்கு ருசியாகச் சாப்பிட முடியாது என்று அம்பலம் முடிவு கட்டிவிடுவார். அவர் எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னுங் கொஞ்சம் ஊத்தவாண்ணே?" என்று பொன்னழகு கேட்கக் கேட்க வாங்கினேன். மூன்று முறை. குழம்பு உண்மையிலேயே அருமை.

2.05க்கு சிங்கம்புணரியில் மூன்று பேரும் பஸ் ஏறி, திருப்பத்தூரில் மாறி, 3.30க்கு பிள்ளையார்பட்டி போய்ச் சேர்ந்தோம். நடை திறப்பது நான்கு மணிக்கு. வேட்டியை நெஞ்சுக்குழி வரை ஏற்றிக் கட்டி, துண்டை இறுக்கிச் சுற்றினேன். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். நடுவில் இரண்டு முறை ராமநாதனிடம் பஸ் நேரம் விசாரித்தேன். சட்டையை அவரிடம் கொடுத்து, அவரைச் செருப்புகளோடு வெளியே நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் வரிசையில் நின்றோம்.

முதல் அரைமணி நேரம் ஒன்றுமில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. கூட்டம் நகர்ந்து நகர்ந்து குடைவரைக்குள் நுழைந்தது. நெருக்கம், எண்ணெய் வாசனை. தீபாராதனைக்காக எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். 4.40க்கு மொச்சை வேலையைக் காட்டியது.

பை வைத்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்தை அடக்க நம்மிடம் தசையே கிடையாது. அது பாட்டுக்கு வரும், முடியும்போது முடியும். அன்று நீளமாக வந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இரண்டு பேர் பார்த்தார்கள். காதெல்லாம் எரிந்தது. மூன்று வருஷமாக நான் சட்டைக்குள் ஒளிந்திருந்தது இந்த ஒரு நொடிக்குப் பயந்துதான். அது வந்தே விட்டது, அதுவும் அம்பலத்தின் கண் முன்னால். அவர் இனி ஜென்மத்துக்கும் சம்மதிக்கப் போவதில்லை, ஒரு உயிர் போகக் காரணமாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து அவர் குரல் கணீரென்று கேட்டது. "தப்பா நெனைக்காதீக தாயி. மத்தியானம் எனக்கு மொச்ச கொஞ்சம் கூடிப்போச்சு."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அதுக்கென்ன செய்ய, வகுறுன்னா கத்தத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டுச் சாமி பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து ராமநாதனோடு குளத்துப் படியில் உட்கார்ந்தோம். அம்பலம் தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டுத்தானா சார்?" என்றார்.

"இம்புட்டுத்தான். சில நாள் இதவிடப் பலமாவும் வரும்."

"அந்தப் பொம்பள நம்மளப் பாத்துச்சு. அப்பறம் சாமியப் பாக்கப் போயிருச்சு."

"நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கா வந்தாங்க?"

"எத்தன நாளு படுக்கணும்?" என்று கேட்டார் அம்பலம். பத்துப் பன்னிரண்டு நாள், அதன் பிறகு வீட்டில் இரண்டு மாதம் என்றேன். பங்குனிக்குள் எழுந்து நிற்க முடியாது என்று அவருக்கும் கணக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும், "திங்கக்கெழம மதுரைக்குப் போவமாடா?" என்று ராமநாதனைக் கேட்டார்.

எனக்குக் காரைக்குடி பஸ் 5.30க்கு. 13 கிலோமீட்டர், 2 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். மனைவி பார்த்தாள், காபி போடப் போனாள். எனக்கு அழுகை வந்தது, கொஞ்சம் அழுதேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும் பயம் மறுநாளும் அப்படியேதான் இருந்தது. அதை எந்தப் பயணமும் தீர்க்காது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். புறப்படும் முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், ஆனால் வெறும் வயிறும் வேண்டாம், அது இன்னும் சத்தம் போடும். மாற்றுப் பை இரண்டு, ஒரு பாட்டில் தண்ணீர், பழைய செய்தித்தாள், பையின் வாயைக் கட்ட ரப்பர் பேண்டு. கூட வருகிறவர் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். மொச்சை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முட்டைக்கோஸ் வேண்டாம். மிகவும் அன்பாகப் போட்டால் ஒரு கரண்டி.

பங்குனித் திருவிழாவுக்கு அம்பலம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பந்தல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், தொளதொளவென்ற சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி எனக்கு. மேளம் முழங்க அவருடைய பங்காளியின் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவரோ கழுத்தை எக்கி எக்கி வேடிக்கை பார்த்தார்.

"கட்டிக்கிறட்டும் சார்" என்றார். "அடுத்த வருசம் நான் இருக்கேன்ல."