பதினோராம் நம்பர் ஆடிய ஃபைனல்

கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்துப் போட்டி அந்த வருஷம் காலாப்பட்டில் நடப்பதாக இருந்தது. மொத்தம் எட்டு கல்லூரிகள். எங்களுக்கு அது கடைசி வருஷம். கொரோனா முதல் அலை ஓய்ந்து கல்லூரி திறந்ததும், முந்தைய வருஷம் நடக்காமல் போன ஆட்டத்துக்கும் சேர்த்து நாங்கள் வெறிபிடித்த மாதிரி பயிற்சி எடுத்தோம். சிமெண்டுத் தரை, சூடு தாங்காமல் ஷூவின் அடிப்பாகம் பிரிந்து வரும். நான் ஒன்பதாம் நம்பர். அவள் பதினொன்று.

அவள்தான் பந்தை ஏந்திக்கொண்டு முன்னால் போகிறவள், எங்கள் பாயிண்ட் கார்டு. அணியிலேயே குள்ளம். ஆனால் மைதானத்தில் அவள் சத்தம்தான் முதலில் கேட்கும். பந்தைத் தட்டிக்கொண்டே தன் ஆட்டத்துக்குத் தானே வர்ணனை சொல்வாள். "பதினொன்னு வர்றா, லெஃப்ட்ல போறா, ஒருத்திய வெட்டிட்டா, ஒம்போது ஃப்ரீயா நிக்கிறா, பாஸ்!" பாஸ் என்ற சொல் முடிவதற்குள் பந்து என் நெஞ்சுக்கு வந்திருக்கும். எதிரணிப் பெண்கள் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பிலேயே இரண்டு புள்ளி எடுத்துவிடுவாள்.

இரண்டாவது அலை வந்தது. போட்டி ரத்து என்று எங்கள் கோச் சார் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டார். நான் அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மறுநாள் மதியம் அவள் கூப்பிட்டாள்.

"டூர்னமென்ட் கேன்சல்லாம் இல்லடி. எடத்ததான் மாத்திட்டாங்க. எங்க வூட்டு ஹாலு."

"இன்னாடி உளர்ற?"

"தாயக்கட்ட இருக்குல்ல. அத வச்சு நடத்தப் போறேன். நேர்மையா நடக்கும். நீ கேட்டுனே இரு, போதும்."

அவள் வீடு முதலியார்பேட்டையில், மூடிப்போன மில்லுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில். ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். அப்பா அந்த மில்லில் வேலை பார்த்தவர். பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாகச் சேர்ந்துவிட்டார். தாயக்கட்டை அவள் அம்மாவுடையது. நீளமான இரண்டு பித்தளைக் கட்டைகள், தேய்ந்து தேய்ந்து ஓரம் மழுங்கியவை.

விதிகளை அவளே செய்தாள். எங்கள் அணியின் ஐந்து நம்பர்களையும் சீட்டில் எழுதி மடித்து, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டாள். எங்கள் கையில் பந்து வரும்போது ஒரு சீட்டு எடுக்க வேண்டும். வந்த நம்பர்தான் கூடைக்கு எறிகிறவள். பிறகு கட்டையை உருட்ட வேண்டும். தாயம் விழுந்தால் மூன்று புள்ளி. நாலு, ஐந்து, ஆறு விழுந்தால் இரண்டு புள்ளி. மூன்று விழுந்தால் எதிரணி ஃபௌல், எங்களுக்கு ஒரு புள்ளி. இரண்டோ பன்னிரண்டோ விழுந்தால் ஒன்றுமில்லை. எதிரணிக்கும் அதே கணக்கு. அவர்கள் உருட்டலில் மூன்று விழுந்தால் ஃபௌல் எங்களுடையது. அதைச் செய்தது யார் என்று அதே டப்பாவிலிருந்து சீட்டு சொல்லும். ஐந்து ஃபௌல் ஆனவள் அந்த ஆட்டத்திலிருந்து வெளியே போக வேண்டும், நிஜ ஆட்டத்தைப் போலவே.

முதல் நாள் அணி முழுவதும் போனில் இருந்தது. இரண்டாவது நாள் மூன்று பேர். பிறகு நான் மட்டும்தான். ஒவ்வொருத்தி வீட்டிலும் யாராவது காய்ச்சலில் படுத்திருந்தார்கள். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தரையில் படுத்திருப்பேன். கட்டைகள் தரையில் உருளும் சத்தம், ஒரு சின்ன மௌனம், பிறகு அவள் குரல். "தாயம்! ஒம்போது கோட்டுக்கு வெளிய நின்னு போட்டா, மூணு பாயிண்ட்டு! கூட்டம் எழுந்து நிக்கிது!" எனக்கு நிஜமாகவே கை சிலிர்க்கும். வெளியே ஆம்புலன்ஸ் போகும்.

அவள் ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. தோற்கிற மாதிரி இருந்தபோது, திரும்ப உருட்டேன் என்று கெஞ்சியிருக்கிறேன். "அப்புறம் கப்பு வாங்கி இன்னாடி பண்றது?" என்பாள்.

முதல் சுற்றில் ஜெயித்தோம். அரையிறுதி காரைக்கால் அணியோடு. அதில்தான் அது நடந்தது. எதிரணி மூன்று உருட்டும்போதெல்லாம், ஃபௌல் யாருடையது என்று சீட்டு எடுத்தால், பதினொன்று வந்தது. முதல் இரண்டு தடவை சிரித்தாள். மூன்றாவது தடவை டப்பாவை நன்றாகக் குலுக்கிவிட்டு எடுத்தாள். போனில் கேட்டது. மறுபடி பதினொன்று. கடைசிப் பகுதி தொடங்கும்போது ஐந்தும் ஆகிவிட்டது.

"போச்சுடி. நான் வெளிய போறேன். நீங்களே ஆடிக்கங்க." தன் சீட்டை டப்பாவிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மீதி ஆட்டத்தில் வர்ணனை மட்டும் சொன்னாள், கொஞ்சம் கம்மிய குரலில். நாங்கள் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

"ஃபைனல் நாளைக்கி வச்சுக்கலாமாடி? தொண்ட ஒரு மாதிரி இருக்கு."

மறுநாள் காய்ச்சல் என்று மெசேஜ் வந்தது. அவள் அப்பாவுக்கும். இரண்டு பேரையும் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா திரும்பி வந்தார்.

நான் படித்தது புள்ளியியல். டப்பாவில் இருக்கும் சீட்டுக்கு எதுவும் தெரியாது, முன்னால் என்ன வந்தது என்ற நினைவும் கிடையாது, பின்னால் வரப்போவதும் அதற்குத் தெரியாது. ஐந்து பேரில் ஒருத்திக்கே திரும்பத் திரும்ப வருவது அபூர்வம்தான், ஆனால் நடக்காதது இல்லை. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இருந்தும், அடக்கத்துக்குப் போக முடியாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது: நான் வெளிய போறேன், நீங்களே ஆடிக்கங்க.

பேருந்துகள் ஓட ஆரம்பித்த பிறகுதான் அவள் வீட்டுக்குப் போக முடிந்தது. அவள் அம்மா கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு முன் நாங்கள் இரண்டு மூன்று முறைதான் பார்த்திருந்தோம்.

"ஒம்போதுதான நீ?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய் டீ கொடுத்தார். அவள் அப்பா என்னைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அழுதுவிடுவோம் என்று பயந்துகொண்டு நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அழவில்லை. டம்ளரை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஃபைனல் நிக்கிதேம்மா. அத இன்னா பண்றது?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"நான் அடுப்படில நின்னு எல்லாத்தயும் கேட்டுனுதான இருந்தேன். கொழம்பு தீயறது தெரியாம கேப்பேன். ஃபைனல் ஆடாமலே போயிட்டா."

அலமாரியைத் திறந்து தாயக்கட்டையையும் டப்பாவையும் எடுத்து வந்து பாயில் வைத்தார். நான் டப்பாவைத் திறந்தேன். நான்கு சீட்டுகள் உள்ளே இருந்தன. ஐந்தாவது ஒரு பிளாஸ்டிக் கவரில் தனியாக இருந்தது. அவள் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

"இது வெளியவே இருக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"ஏன்? அந்த மேட்ச்சுலதான வெளிய போனா? இதுல ஆடலாம்ல?"

விதி அதுதான். ஐந்து ஃபௌல் அந்த ஆட்டத்தோடு சரி. அம்மாவே அந்தச் சீட்டைக் கவரிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டுக் குலுக்கினார்.

நான் சீட்டு எடுத்தேன், அவர் உருட்டினார். புள்ளிகளைத் தரையில் சாக்பீஸால் எழுதினேன். முதலில் வர்ணனை இல்லாமலே ஆட்டம் போனது. அப்புறம் என் கையில் பதினொன்று வந்தது. கட்டை உருண்டது, நாலு. அம்மா தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"பதினொன்னு வர்றா, லெஃப்ட்ல போறா, ஒருத்திய வெட்டிட்டா..."

அவள் குரல். அவள் இழுக்கிற இடத்தில் இழுத்தது, அவள் வெட்டுகிற இடத்தில் வெட்டியது. ஒரு கூடைப்பந்து ஆட்டத்தையும் பார்த்திராதவர். ஹெட்போனில் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்த நாட்கள் போலவே இருந்தது. கண்ணை மூடினால் வித்தியாசம் தெரியாது. அதற்காகவே நான் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி உருட்டலுக்கு வரும்போது நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். சீட்டு எடுத்தேன். பதினொன்று. சொல்லாமல் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். அம்மா கட்டைகளை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து வெகுநேரம் தேய்த்தார். தாயம் விழுந்தால் கப்பு. நாலு, ஐந்து, ஆறு விழுந்தால் சமம்.

இரண்டு விழுந்தது.

"கட்ட பாயில தட்டிடுச்சும்மா," என்றேன் அவசரமாக. "அது கணக்குல வராது. திரும்ப உருட்டுங்க."

அவர் கட்டையைத் தொடவில்லை. "தட்டல. அவ ஒத்துக்க மாட்டா." பிறகு அந்தப் பித்தளைக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு, "தோத்துட்டியாடி என் தங்கம்," என்று சொல்லி அழ ஆரம்பித்தார். நான் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று இருட்டும் முன்பே கிளம்பிவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. "புது டூர்னமென்ட்டு ஆரம்பிச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம மேட்ச்சு. வரியா?"

போனேன். அதற்குப் பிறகும் போய்க்கொண்டிருக்கிறேன். எங்கள் அணியில் இரண்டு பேர் சென்னையில் இருக்கிறார்கள். ஒருத்திக்குக் குழந்தை பிறந்துவிட்டது. எனக்கு வில்லியனூர் ரோட்டில் ஒரு அலுவலகத்தில் வேலை, நாள் முழுக்க நாற்காலி. மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது. முதலியார்பேட்டை வீட்டு ஹாலில் மட்டும் நாங்கள் ஐந்து பேரும் அதே ஜெர்சியில் ஓடுகிறோம். சில ஞாயிறு நான் போக முடிவதில்லை. அன்றும் ஒன்பது ஆடியிருக்கும். "நேத்து நீ மூணு தாயம் போட்ட," என்று அம்மா போனில் சொல்வார். நான் நேற்று துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். எனக்குத் திருமணம் பேசிக்கொண்டிருந்த சமயம். "அம்மா, என் சீட்ட மட்டும் எடுத்துடலாமா? வேற யாரயாச்சும் போட்டுக்கலாமே."

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே யோசித்தார்.

"எடுத்துக்கம்மா. ஒனக்கும் வேல இருக்கு." பிறகு குழப்பத்தோடு, "ஆனா அவ யாருக்குப் பாஸ் குடுப்பா?" என்றார்.

நான் சீட்டை எடுக்கவில்லை.

போன ஞாயிறு போனபோது அவள் அப்பா வீட்டில் இருந்தார். நாங்கள் பாயை விரித்தால் எப்போதும் வெளியே போய்விடுகிறவர், அன்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய், நின்று, திரும்பி வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். ஆட்டம் நடந்தது. பதினொன்று வந்தது, தாயம் விழுந்தது. அம்மா வர்ணனை சொல்லி முடித்தார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "எங்க நின்னு போட்டா?"

யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். கூடை எங்கே இருக்கும், கோடு எங்கே வரும் என்று மனசுக்குள் அளந்து பார்த்து, டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த காலி இடத்தைக் காட்டினேன்.

"அங்கேர்ந்துப்பா. ரொம்ப தூரம்."

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். அம்மாவும் கட்டையை வைத்துவிட்டுப் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் அங்கே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை எழுந்து போய் எடுத்து, வழியில் இல்லாதபடி சமையலறைப் பக்கம் நகர்த்தி வைத்தார்.