கடைசி வரி தாருக்கு அடியில்

போன மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை மணி ஆறு நாற்பது. வானம் மூடிக் கிடந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று. தூறல் விழுந்தது... குடையை விரித்தேன், நின்றுவிட்டது. இப்போதெல்லாம் எனக்கு எதுவும் இப்படித்தான்.

வாக்கிங் போன வழியில், எங்கள் அபார்ட்மென்டில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சர் ரோட்டோரத்தில் மண்டியிட்டிருந்தார். ரிட்டயர்டு தமிழ் டீச்சர். வயது எழுபத்தாறு.

இடம் சிலையடி முக்கு. அவிநாசி ரோட்டிலிருந்து எங்கள் பகுதிக்குப் பிரியும் திருப்பத்தில், தலைப்பாகையும் கோட்டுமாக ஒரு பெரியவர் நிற்கிறார் — கல் பீடத்தின் மேல். பஸ் ஸ்டாப்பின் பெயரே ‘செலை’. யார் சிலை என்று கண்டக்டரைக் கேட்டால், "செலைதானுங்க" என்பார். நானும் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருக்குக் கொள்ளுப்பேரன்கள் இருக்கிறார்கள். எனக்கு எழுபத்தொன்பது நடக்கிறது. வம்பு வேண்டாம்.

"டீச்சர்! விழுந்துட்டீங்களா?"

"இல்லீங்க சார். படிக்கறனுங்க."

பீடத்தில் பதித்த கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்பதைவிட, தேடினார் என்பதே சரி.

டீச்சரின் அப்பா கொத்து வேலைக்காரர். பீடம் கட்டியவர் அவர்தான். திறப்பு விழா முடிந்த மறுநாள், நாலு வயது மகளைத் தோளில் தூக்கிவந்து, கல்வெட்டின் கடைசி வரியில் விரலை வைத்து, "இது எம்பேரு" என்றாராம். அவருக்கும் படிக்கத் தெரியாது, மகளுக்கும் அப்போது தெரியாது. பிறகு குடும்பம் பிழைப்புத் தேடி அந்தியூர்ப் பக்கம் போய்விட்டது. டீச்சர் அங்கேயே படித்து, அங்கேயே முப்பத்தாறு வருடம் பாடம் நடத்தி, ஓய்வு பெற்றுக் கோவை திரும்பினார். வந்ததும் முதல் வேலையாகச் சிலையடிக்குப் போனார். கல்வெட்டு இருந்தது. கடைசி வரி இல்லை.

"ஞாயித்துக்கிழமை பையன் லாரியோட வாரானுங்க சார். ஊட்டக் காலி பண்றதாச் சொல்லியாச்சு. இனிமே பெங்களூருதானுங்க. அவன் நம்பவே மாட்டேங்கறான். ‘எங்கம்மா நல்லாக் கதை சொல்லும்’னு மருமக முன்னாடி சிரிக்கறான். ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாப் போதுமுங்க."

பிறந்த ஊரை விட்டுப் போகிறவர் கேட்பது ஒரு போட்டோ. அதற்கும் வழியில்லை என்றால் எப்படி?

எனக்கு எதையும் எண்ணும் புத்தி. மனைவி இருந்தவரை திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது திட்டவும் ஆளில்லை. கல்வெட்டில் எட்டு வரி தெரிந்தது. நாலாவது வரியில் என் பெரியப்பா — முன்னால் ‘ஸ்ரீமான்’, பின்னால் ‘அவர்கள்’, நடுவில் அவர். கொடுத்தது இருபத்தைந்து ரூபாய். சின்ன வயதிலிருந்து அந்த வரியை நின்றபடியே படித்திருக்கிறேன், ஒருநாளும் குனிந்ததில்லை.

எழுத்தைச் சுற்றிக் கொடியும் பூவுமாக ஒரு பார்டர். மேலே ஒரு பக்கம், இடம் ஒன்று, வலம் ஒன்று. மூன்றுதான்! நாலாவது பக்கம் எங்கே? எந்தச் சிற்பியாவது சட்டத்துக்கு அடிப்பக்கம் வைக்காமல் விடுவானா?

"டீச்சர், கல்லு இன்னும் கீழ போகுதுங்க" என்றேன்.

அப்பாவை நேரில் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தார்.

எங்கள் ரோடு எப்போதும் உயர்ந்துகொண்டே இருக்கிறது. பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிது போட வேண்டும் என்பார்கள். எங்கே சுரண்டுகிறார்கள்? மேலேயே கொட்டி உருட்டுவார்கள். மாலை போட ஏறுவதற்குப் பீடத்தின் பின்பக்கம் ஒரு காலத்தில் மூன்று படி. இன்று ஒன்று. பெரியவர் அப்படியே நிற்கிறார், ஊர்தான் அவர் முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. ரோடு உயர்ந்தால் முதலில் மறைவது கடைசி வரி. கடைசி வரியில் யாரை எழுதுவார்கள்? கேட்க வேண்டுமா என்ன...

நல்லவேளையாக, பீடத்துக்குப் பக்கத்திலேயே குழாய் பதிக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் இளவயதுக்காரர், கழுத்தில் ஈரத்துண்டு.

"தம்பி, இதோட ஒரு அடி சேத்து வெட்டித் தர முடியுங்களா?"

"ஏனுங்கய்யா, செலைக்கு அடியில பொதையலுங்களா?"

"பேருங்க. இந்தம்மாவோட அப்பா பேரு."

அவர் நிமிர்ந்து தலைப்பாகையைப் பார்த்தார். "இவருங்களா உங்கப்பா?"

"இவரு இல்லீங்க" என்றார் டீச்சர். "இவர நிக்க வெச்சவரு."

"ஐயோ அம்மணி, உங்களுக்கு வெட்டாம யாருக்கு வெட்டப்போறமுங்க! ஆனா ஒண்ணுங்கய்யா... எனக்குக் கொடுத்த அளவு பீடத்துக்கு ஒரு அடி தள்ளித்தானுங்க. அந்த ஒரு அடிக்கு ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வந்துபோடுங்க. இல்லீன்னா என்னையக் கொண்டுபோய்ப் பொதைச்சுருவாங்க."

கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனேன். மாடி. இருபத்திரண்டு படி. முழங்காலுக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. ரோடு வெட்ட என்ன காரணம் என்று கேட்டார்கள். ‘படிப்பதற்கு’ என்றேன். அங்கிருந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "பைப் வேலைன்னு எழுதிக்கறனுங்க, சார்" என்றார். கட்டணத்தைக் கட்டினேன், ரசீது வாங்கினேன். அதற்கு இரண்டு நாள்.

வெள்ளிக்கிழமை காலை பிரேக்கர் மெஷினைப் போட்டார்கள். தெருவே அதிர்ந்தது. டூவீலர்கள் ஹாரன் அடித்தன. ஒருவர் நின்று, "பெருசு, சாமி சிலை கெடச்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். பீடத்தை ஒட்டியதும் மெஷினை நிறுத்திவிட்டு உளியால் கொத்தினார்கள். வெட்டிய இடத்தில் தார் அடுக்கடுக்காகத் தெரிந்தது. எண்ணினேன். ஒன்பது.

"ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஒண்ணுங்கய்யா" என்றார் சூப்பர்வைசர்.

டீக்கடையிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். ஒன்பதாவது வரி வந்தது. கல் கொடுத்த ஸ்ரீமான் ஒருவர். பத்தாவது வரி வந்தது. அதற்குக் கீழே பூவும் கொடியும் — நாலாவது பக்கம்.

டீச்சர் குழிக்கு மேல் குனிந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். விழுந்துவிடுவாரே என்ற பயம் ஒன்று, நானும் விழுந்துவிடுவேனே என்ற பயம் இன்னொன்று.

பத்தாவது வரியில் இரண்டே சொல். வரியை நிரப்புவதற்காக இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் விட்டிருந்தான் செதுக்கியவன்.

‘கொத்தன் சவரி.’

அவ்வளவுதான். ஸ்ரீமான் இல்லை. அவர்கள் இல்லை. கொத்தனார்கூட இல்லை.

நாம் மாட்டைக்கூட "போங்க" என்று ஓட்டுகிற ஊர்க்காரர்கள். பிச்சை இல்லை என்பதைக்கூட ‘ங்க’ போட்டுச் சொல்லுவோம். வாயில் வருகிற மரியாதைக்குச் செலவில்லை. கல்லில் செதுக்கினால் எழுத்துக்குக் கூலி உண்டு. அங்கேதான் தெரிகிறது, யாருக்கு எவ்வளவு என்று.

எனக்கு நாலாவது வரியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மெஷின்காரர் கேட்டார்: "டீச்சர், பேரு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றார். அந்த இரண்டு சொல்லையும் இன்னொரு தடவை படித்தார். பிறகு, "சவரின்னுதான் எல்லாரும் கூப்புடுவாங்க. அதுல தப்பில்லீங்க" என்றார்.

போட்டோவில் எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று ஒரு சின்ன டப்பா கறுப்பு எனாமலும் பிரஷும் வாங்கி வைத்திருந்தேன். மூடியைத் திறந்தேன்.

"அதை இங்க கொடுங்க சார்."

குழிக்குள் சாக்கு விரித்து டீச்சரை இறக்கி உட்கார வைத்தார்கள். முன்னால் ட்ராஃபிக், பின்னால் ட்ராஃபிக். ஒவ்வொரு எழுத்தாகப் பள்ளத்தில் பெயின்ட் நிரப்பினார். ‘ன்’ வந்ததும் எழுத்தை நிரப்பி, மேலே இருந்த புள்ளியை மட்டும் விட்டுவிட்டார். அதைக் கொஞ்சம் மண் வைத்து அடைத்தார். பிறகு பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டார். அதற்குப் பக்கத்தில் ஒரு ‘ர்’.

கொத்தனார் சவரி.

"டீச்சர்! கல்வெட்டையெல்லாம் திருத்தக் கூடாதுங்க" என்றேன். படித்த புத்தி, சும்மா இருக்காதே.

"முப்பத்தாறு வருசம் நோட்டுத் திருத்துனவ சார் நானு" என்றார், திரும்பாமல். "தப்பக் கண்ணுல பாத்துட்டுச் சும்மா உட்டுட்டுப் போறதுங்களா?"

சூப்பர்வைசர்தான் போட்டோ எடுத்தார். பெங்களூருக்கு அனுப்பினோம். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா! நெசமாலுமே இருக்குதே!"

"பின்ன? நான் கதையா சொன்னேன்?"

"இல்லீங்கம்மா..." மகனின் குரல் இறங்கிவிட்டது. "கொத்தனார்னு மரியாதையாத்தான் போட்டிருக்காங்க. ஆனா எழுத்து ஏம்மா புதுசாட்டம் இருக்குது?"

"தொடச்சோம் கண்ணு."

குழிக்குள் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. பிரஷ்ஷைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்குள் குழாயைப் பதித்து, குழியை மூடி, கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பெயின்ட் காய்ந்திருக்குமா என்பதுகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை லாரி போய்விட்டது. மூன்றாம் மாடியில் வேறு ஆள் வரப்போகிறார்கள். கல்வெட்டில் இப்போது மறுபடியும் எட்டு வரி. என் பெரியப்பா சௌக்கியமாக இருக்கிறார்.

ரோடு வெட்டிய கட்டணம், ஆறு பேருக்கு இரண்டு வேளை டீ, வடை, பெயின்ட், பிரஷ், ஆபீசுக்குப் போய்வந்த ஆட்டோ... வழக்கம்போல உட்கார்ந்து கூட்டினேன். ஒரு துணைக்கால், ஒரு ‘ர்’ — ஆன செலவு 3,486 ரூபாய்.