ஆண்ட்ரூவின் பாணி

சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை பார்த்த தேவானந்தம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திருப்பதிக்குப் பஸ் ஏறி, நண்பன் ஆண்ட்ரூவோடு குத்துச்சண்டை பழகுவான். ஆண்ட்ரூ பின்வாங்கவே மாட்டான். எதிராளி மூச்சு வாங்குவதற்குள் பத்துக் குத்து விழும். மாநில அணியில் இடம் பிடிக்க அதுதான் வழி என்று தேவானந்தம் நம்பினான். இரண்டு வருடத்தில் அதேபோல முன்னேறவும் ஓயாமல் குத்தவும் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு குத்தோடும் ஆண்ட்ரூ தலையை நகர்த்தியதை மட்டும் கற்கவில்லை. அடி வாங்கி நிற்பதுதான் வீரம் என்று நினைத்துவிட்டான்.

“தலைய ஆட்டுடா! நீ இன்னா கரண்ட் கம்பமா?” என்று ஆண்ட்ரூ கத்துவான்.

“உன் கையி வலிக்கிற வரைக்கும் வாங்கிக்கினே இருப்பேன் மச்சான்” என்று இவன் சிரிப்பான்.

மாநில அணித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கையில் வலக்கண்ணில் கறுப்புத் திரை இறங்கியது. தலையில் அடி வாங்கி வாங்கி விழித்திரை கிழிந்துவிட்டது, பார்வை திரும்பாது, இனிக் குத்துச்சண்டையே கூடாது என்றார் டாக்டர்.

தேர்வு முடிந்த மறு ஞாயிறும் அவன் பஸ் ஏறினான். மணல் மூட்டையை நோக்கி முன்னேறி முழு பலத்தோடு குத்தினான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் கை மூட்டைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. மறுபடியும் காற்றுதான்.

“போதும்டா” என்று ஆண்ட்ரூ பின்னாலிருந்து கட்டிப்பிடித்த பிறகும் அந்தக் கைகள் குத்திக்கொண்டே இருந்தன.