ஞானஸ்நானத் தண்ணீரை விட்டு ஓடினவள்

குளிக்கப் பயப்படுகிற பாசிக்காரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அது. பாம்பன் பக்கம் கடலுக்குள் முங்கிப் பாசி எடுப்பதுதான், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தொழில். அப்படிப்பட்டவள் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற முடியாமல் கிடந்தேன். என்னைத் தூக்கி நிறுத்தின ஆண்டவருக்கு நன்றி சொல்லவே இந்தச் சாட்சியைச் சொல்கிறேன்.

என் பேர் காளீஸ்வரி. கல்யாணம் ஆகி வந்த பிறகுதான் சபைக்கு வர ஆரம்பித்தேன். சபையில் இந்தப் பேரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

முந்தின வருஷம் ஆடி மாசத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. நானும் என் ஓரகத்தி பாக்கியமும் மற்ற பெண்களோடு வத்தை என்கிற சின்னப் படகில் தீவுப் பக்கம் போனோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையோடு முங்கினோம். பாக்கியத்தின் பைக்கயிறு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. நான் மேலே மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போனபோது அவள் மல்லாந்து கிடந்தாள். முகம் மேலே பார்த்தபடி, கண் திறந்தபடி. கயிற்றை அறுத்து நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உயிர் இல்லை.

அடக்கம் முடிந்தது. எங்கள் பக்கம் கடலில் போனவர்களைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். பேசினால் அடுத்த ஆளுக்குக் கடலுக்குப் போக மனசு வராது என்பார்கள். சபையிலோ, "ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு, அழுவக்கூடாது" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் அழவில்லை. ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டாலே பாக்கியத்தின் முகம் வந்து நிற்கும். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். தொழிலுக்குப் போகவில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து எரிந்து விழுந்தேன்.

அந்த நிலைமையில்தான் எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடிவானது. கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் வீட்டுக்காரரும் நம்பினார். கடற்கரையில் பாட்டுப் பாடினார்கள். வெள்ளைச் சேலையோடு இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் எப்படியோ போய்விட்டேன். பாஸ்டர் ஒரு கையை என் முதுகில் கொடுத்து, இன்னொரு கையால் மூக்கைப் பிடித்து, பின்பக்கமாகச் சாய்த்தார். அவ்வளவுதான். அவரைத் தள்ளிவிட்டுக் கரையேறி, ஈரச்சேலையோடு ரோடு வரைக்கும் ஓடினேன்.

அன்று சாயங்காலமே ஊரெல்லாம் பேச்சு. "ஞானஸ்நானத் தண்ணியக் கண்டு பேய் ஓடுது பாரு" என்றார்கள். எனக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். என்னை நடுவில் உட்காரவைத்து, தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார்கள். கை அழுத்த அழுத்த எனக்கு மூச்சு முட்டியது, நான் அலறினேன். அலறினதால் பேய்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன். பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்கவைக்கவும் பயந்தேன். அதைவிடக் கொடுமை என் வாழ்க்கையில் கிடையாது.

ஒரு நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சபைக்குள் போய் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எனக்குள்ள பேய் இருந்தா வெரட்டிவிடும். இல்லைன்னா என்னதான் இருக்குன்னாவது சொல்லும்." எனக்குத் தெரிந்த ஜெபம் அவ்வளவுதான்.

அந்த வாரமே பாஸ்டர் ஒரு அக்காவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பேர் ஸ்டெல்லா. ராமநாதபுரத்தில் நர்ஸாக இருந்து, பிறகு கவுன்சிலிங் படித்து, சபைகளில் மனபாரம் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவர். நான் தலையைக் குனிந்து காத்திருந்தேன். அவர் கை வைக்கவில்லை.

"நான் கையப் பிடிச்சு ஜெபம் பண்ணட்டுமா? வேண்டாம்னாலும் சரிதான்" என்று கேட்டார்.

அதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்கே எனக்கு அழுகை முட்டியது. அடக்கப் பார்த்தேன்.

"அழு காளி. இயேசுவே தன் சிநேகிதன் கல்லறைக்கு முன்னால நின்னு அழுதவருதானே."

அன்று அழுதேன் பாருங்கள், சேலை முந்தானை நனைந்துவிட்டது. அடுத்தடுத்த வாரங்களில் பாக்கியத்தைப் பற்றிச் சொன்னேன். கீழே நான் பார்த்ததை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அக்கா எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "இது பேய் இல்ல. நீ பாத்தது உன் உடம்புக்குள்ள தங்கிருச்சு. அதுக்கு வைத்தியமும் இருக்கு, ஆண்டவரும் இருக்காரு." பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரிடமும் அவரே கூட்டிப்போனார். நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது.

ஈரத்துணியை முகத்தில் வைத்து எடுப்பதில் ஆரம்பித்தோம். பிறகு ஒரு செம்புத் தண்ணீர். பிறகு கரையில் கால் நனைப்பது. சில நாள் திரும்பவும் பயம் வரும். அக்கா அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டார்: "முங்கப் போகையில எப்படி முங்குவே?"

"தலை முன்னால, நானேதான் போவேன்" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்தது. ஞானஸ்நானத்தில் என்னை மல்லாக்கச் சாய்த்தார்கள். பாக்கியம் கிடந்தது அப்படித்தான்.

அக்கா பாஸ்டரிடம் பேசினார். பாஸ்டர் என்னிடமே வந்தார். "எந்தப் பக்கமா முங்குறதுன்னு ஆண்டவரு கணக்குக் கேக்கப் போறதில்லம்மா. உனக்குத் தோதுப்பட்டபடி முங்கு. நான் பக்கத்துல நிக்கிறேன். அன்னைக்கு உன்னைப் பயமுறுத்திட்டேன், மன்னிச்சிரு." அந்த வார்த்தையைச் சபை முன்னாலும் அவர் சொன்னார். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்!

இந்தப் பங்குனியில், கடல் உள்வாங்கிக் கிடந்த ஒரு காலை நேரம், மறுபடியும் வெள்ளைச் சேலையோடு இறங்கினேன். பாஸ்டர் ஆண்டவரின் நாமத்தைச் சொன்னார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு முன்பக்கமாக முங்கினேன். கீழே கண்ணைத் திறந்தேன். மணல் இருந்தது. கொஞ்சம் பாசி ஆடிக்கொண்டிருந்தது. பாஸ்டரின் கால் தெரிந்தது. வேறு எந்த முகமும் இல்லை. அந்த அமைதியை விட்டு வர மனசில்லை. "பாக்கியத்தை உம்மகிட்ட ஒப்படைச்சிட்டேன் ஆண்டவரே" என்று மனசுக்குள் சொன்னேன்.

நான் பாசிக்காரி, மூச்சுப் பிடிப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. மேலே நின்றவர்களுக்கு அது ஞாபகம் இல்லை. எழும்பிப் பார்த்தால் பாஸ்டர் இரண்டு கையாலும் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருக்கிறார், கரையில் என் வீட்டுக்காரர் செருப்போடு கடலுக்குள் ஓடி வருகிறார். "ஏ புள்ள, உசுரையே எடுத்துட்டியே!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தோம். பாக்கியம் போன பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

இப்போது தொழிலுக்குப் போகிறேன். பயம் சில நாள் எட்டிப் பார்க்கிறது. அப்போது வத்தையிலேயே உட்கார்ந்துவிடுவேன், வெட்கப்படுவதில்லை.

சொல்ல முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டு யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் அனுப்புகிற மனுஷரிடமும் சொல்லுங்கள். அந்த ஆள் யார் என்று தெரியாவிட்டால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நான் தலையில் கை வைக்க மாட்டேன். பக்கத்தில் உட்காருவேன், நீங்கள் சொல்லி முடிக்கிறவரைக்கும் எழும்ப மாட்டேன்.